பழைய வயர் போதும்

படுக்கையும் சமையலிடமும் உள்ள பழைய வொன்மொபில் வாகனங்களில் முதலில் போவது இன்வெர்ட்டர்தான். அதில் யாருடைய குற்றமும் இல்லை. பற்றரியில் இருந்து வரும் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றித் தருகிற பெட்டி அது. ஒரு சப்பாத்துப் பெட்டி அளவுதான் இருக்கும். இருக்கைக்குக் கீழே, தூசிக்குள், ஒருவரும் நினைத்துப் பார்க்காமல் வருடக்கணக்காக வேலை செய்யும். பிறகு ஒருநாள் நின்றுவிடும். நின்றால் கழற்றிவிட்டுப் புதியதைப் பூட்ட வேண்டும். நான் செய்ததும் அதைத்தான்.

என்னை யாரும் பிடித்துக்கொண்டு வரவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு நானாகத்தான் வந்தேன். அத்தான் உங்களிடம் ஒரு விஷயத்தைப் பிழையாகச் சொல்லியிருக்கிறார். அதைத் திருத்த வேண்டும், அவ்வளவுதான். எனக்கு ஜெர்மன் நன்றாகத் தெரியும். ஆனால் இதைத் தமிழில் சொல்ல விரும்பினேன். அதை மொழிபெயர்க்க இந்த ஐயாவை வரவழைத்ததற்கு நன்றி. அவர் இந்தியத் தமிழர். நான் எங்கள் வழக்கப்படி ஆம் என்பதற்கு 'ஓம்' என்று தலையாட்டியபோது, ஏதோ மந்திரம் சொல்கிறேன் என்று முதலில் பார்த்தார். இப்போது பழகிவிட்டார்.

எங்கள் வீட்டில் சோறு சமைப்பது யார் என்று நான் வந்த நேரம் முதல் கேட்கிறீர்கள். அது இங்கே தேவையில்லாத கேள்வி. பிறகு வருகிறேன்.

வீடு ஹனோவரில் இருக்கிறது. என் அக்கா பிளோறன்ஸ், அவள் கணவர் பீலிக்ஸ் அத்தான், அவர்களுடைய மகள் லிசா, நான். கீழ்த்தளத்தில் உடுப்புத் தோய்க்கும் இயந்திரத்துக்குப் பக்கத்து அறை என்னுடையது. அம்மா மன்னாரில் நித்திரையிலேயே செத்துப்போனார். காலையில் தொட்டு எழுப்பியது நான்தான். அதற்குப் பிறகு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு இந்த நாட்டுக்கு வந்தாள். அப்போது அவளே ஒரு சின்னப் பெண். விமான நிலையத்தில் ஒரு அதிகாரி எங்களைத் தனித்தனியாக இருக்கச் சொன்னபோது, அக்கா என் கையைத் தன் சட்டைக்குள் ஒளித்து வைத்துக்கொண்டாள். விட மாட்டேன் என்றாள். அவள் சொன்ன வார்த்தை அது. நான் இட்டுக்கட்டவில்லை.

பள்ளிக்கூடத்தில் நான் பேசவில்லை. பிள்ளைக்கு விளங்குவதில்லை என்று ஆசிரியர்கள் சொன்னார்கள். விளங்கியது. பேசுவதற்கு அங்கே யாரும் இருக்கவில்லை. ஒன்பதாம் வகுப்போடு போவதை நிறுத்திக்கொண்டேன். அக்கா கொஞ்ச நாள் சண்டை பிடித்தாள், பிறகு விட்டுவிட்டாள். அவள் வேலையால் வரும்வரை சன்னலடியில் இருப்பேன். வந்ததும் இரண்டு பேரும் ஒரே கோப்பையில் சோறு போட்டுச் சாப்பிடுவோம். அந்தக் காலத்தில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. பிறகுதான் அத்தான் வந்தார்.

அத்தான் சத்தமான மனிதர். வீட்டுக்கு யார் வந்தாலும் என்னைக் காட்டி ஒரு பகிடி விடுவார்.

"பேசாலையில பிறந்தும் பேசத் தெரியாத ஒரே ஆள் எங்கட சின்னவள்தான், பாருங்கோ."

எங்கள் ஊர் பேசாலை. வந்தவர்கள் சிரிப்பார்கள். ஏற்கெனவே கேட்டவர்களும் சிரிப்பார்கள். அக்காவும் சிரிப்பாள். அது அத்தானுக்காகச் சிரித்தது. அக்காவின் உண்மையான சிரிப்பு எனக்குத் தெரியும்.

நான் வேலை செய்வது வாகனங்களுக்கு வயர்க்கட்டுகள் செய்யும் தொழிற்சாலையில். வாய் திறக்கத் தேவையில்லாத வேலை. எந்தப் பொருளுக்கு எவ்வளவு தடிப்பான வயர் வேண்டும் என்பது என் விரலுக்கே தெரியும். நீங்கள் இந்த இடத்தில் பேனையை எடுப்பதைப் பார்க்கிறேன். எழுதுங்கள். உண்மைதானே.

கெவலார் மாதா கோயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆவணி வந்தால் ஜெர்மனியில் இருக்கிற எங்கள் சனம் முழுவதும் அங்கேதான். வேதக்காரர் மட்டுமல்ல, சைவக்காரரும் வருவார்கள். பூசை முடிந்ததும் வாகனங்கள் நிற்கும் இடத்தில் அவரவர் சாப்பாட்டைத் திறப்பார்கள். அத்தானின் பெருமை அங்கேதான் இருந்தது. ஹனோவரில் இருந்து பேருந்தில் வருகிறவர்கள் எல்லோரும் அவருடைய வொன்மொபிலுக்கு வந்துதான் சாப்பிட வேண்டும். கறிகள் வீட்டில் இருந்தே சட்டிகளில் வரும். சோறு மட்டும் அங்கே சுடச்சுட வேண்டும். நாங்கள் நிறுத்துகிற இடத்தில் காஸ் அடுப்பு மூட்ட விடுவதில்லை. அதனால் மின்சாரச் சோற்றுப் பானை. கல்யாண வீட்டுக்குப் போதுமான பெரிய பானை.

போன வருடம் அந்தப் பானையை மாட்டிய கொஞ்ச நேரத்தில் பழைய இன்வெர்ட்டர் செத்துவிட்டது. அரிசி தண்ணீருக்குள் ஊறிக்கொண்டு கிடந்தது. அத்தான் ஓடிப்போய் எங்கேயோ ஒரு பேக்கரியில் பாண் வாங்கி வந்தார். இறைச்சிக் கறியோடு எல்லோரும் பாண் தின்றார்கள். முருகேசு அண்ணை என்று ஒருவர், சைவக்காரர், வருடம் தவறாமல் வருகிறவர். அவர் பாணைக் கறியில் தோய்த்துக்கொண்டு சொன்னார்:

"பீலிக்ஸ், உங்கட யேசு அப்பத்தைப் பலுகச் செய்தவர், சரி. சோத்தை ஏனப்பா கைவிட்டவர்?"

"வாற வருசம் வாங்கோ அண்ணை. சோத்தைக் கண்டிட்டு நீங்களே ஞானஸ்நானம் கேப்பியள்."

"சோறு வெந்தால் யோசிப்பம்."

அத்தானும் சேர்ந்து சிரித்தார். காது மட்டும் சிவந்திருந்தது. எனக்கு அது ஒரு நல்ல நாள்.

இந்தக் கோடை தொடங்கியபோது கீழ்த்தள அறை லிசாவுக்கு வேண்டும் என்று அத்தான் ஒருதரம் சாப்பாட்டு மேசையில் சொன்னார். நான் அதைப் பொருட்படுத்தவில்லை. அத்தான் பல விஷயங்கள் சொல்வார். அடுத்த கிழமை அக்கா கீழே வந்தாள். நான் தோய்த்த உடுப்புகளை மடித்துக்கொண்டிருந்தேன். அவளும் ஒரு துவாயை எடுத்து மடிக்கத் தொடங்கினாள்.

"சாண்ட்ரா, கெவலாரால வந்தாப் பிறகு நீ தனிய இருந்து பாரன். லிண்டனில ஒரு சின்ன வீடு. பாக்கிறதுக்கு நாள் குறிச்சு ரெர்மின் எடுத்திட்டன்."

"ஏன்?"

"லிசா வளந்திட்டாள். அவளுக்கு அறை வேணும்."

நான் அடுத்த உடுப்பை எடுத்தேன். மடித்த துவாயை அக்கா திரும்ப விரித்து, திரும்ப மடித்தாள்.

"அதுமட்டுமில்லை. எனக்கு இரவில நித்திரை இல்லை. கண்ணை முழிச்சால் கட்டிலடியில நீ நிக்கிறாய். எனக்குப் பயமா இருக்கு. எனக்கு இனி ஏலாது."

அதற்கு நான் விளக்கம் சொல்லலாம். அக்கா மூச்சு விடுகிறாளா என்று பார்க்கத்தான் போவேன். சிறு வயதில் இருந்து பார்க்கிறேன். அம்மாவுக்கு நடந்தது அக்காவுக்கு நடக்கக்கூடாது அல்லவா. ஒருவரையும் எழுப்பியதில்லை. கதவைப் பூட்டிய காலத்திலும், சாவியை வைத்திருந்தேனே தவிர சத்தம் போட்டுத் திறந்ததில்லை.

அன்று அக்கா சொன்னது அக்காவின் பேச்சில்லை. அத்தான் சொல்லிக் கொடுத்த பேச்சு. நான் "ஓம்" என்றேன். அவள் என்னைக் கட்டிப்பிடித்தாள். அப்போது அவள் உடம்பு முழுவதும் தளர்ந்து இலேசானதை என் கைகளில் உணர்ந்தேன். பேருந்தில் இருந்து பாரமான பையை இறக்கி வைக்கிறவர்கள் அப்படித்தான் தோளை விடுவார்கள். அதையும் அத்தான்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்.

அந்தச் சனிக்கிழமை அத்தான் புதிய இன்வெர்ட்டரைக் கொண்டுவந்தார். பழையதைப் போல மூன்று மடங்கு பலம்.

"சின்னவளுக்கு வாய் வேலை செய்யாட்டியும் கை வேலை செய்யும்," என்றார். "பூட்டிவிடு பிள்ளை. இந்த முறை முருகேசு அண்ணைக்கு ஞானஸ்நானம்தான்."

வேலை கடினமில்லை. கதவருகே இருக்கும் இருக்கையின் மெத்தையைத் தூக்கினேன். பலகையைக் கழற்றினேன். பழைய பெட்டியில் கருகிய மணம் இருந்தது. அதை எடுத்துவிட்டு, இடத்தைத் துடைத்து, புதியதை வைத்து இறுக்கினேன். நான் செய்கிற வேலை துப்புரவாக இருக்கும். பற்றரியில் இருந்து அந்தப் பெட்டிக்கு ஒரு வயர் வருகிறது. பழைய பெட்டிக்குப் போட்ட பழைய வயர், மெல்லியது. பெட்டி பெரிதானால் வயரும் பெரிதாக வேண்டும். இல்லாவிட்டால் பாரம் ஏற ஏற வயர் சூடாகும். தேநீருக்குத் தண்ணீர் வைக்கிற கெற்றில் கொதிக்கிற நேரத்துக்கு ஒன்றும் நடக்காது. பெரிய பானையில் சோறு வேகிற நேரம் அப்படியில்லை. பழைய வயரே போதும் என்று அந்த இடத்தில் சொல்லப்பட்டது. எனவே பழைய வயரே இருந்தது.

இடையில் ஒரு பியூஸ் இருக்கும். வயர் தாங்காத நேரத்தில் தான் முதலில் எரிந்து மற்ற எல்லாவற்றையும் காப்பாற்றுவது அதன் வேலை. பியூஸ் போனால் சோறு வேகாது, சனம் திரும்பவும் பாண் தின்னும். அதனால் இலகுவில் போகாத ஒன்றைப் போட்டேன்.

கெற்றிலை மாட்டிப் பார்த்தோம். தண்ணீர் கொதித்தது. லிசா கை தட்டினாள். எல்லோரும் வொன்மொபிலுக்குள் இருந்தே தேநீர் குடித்தோம். அத்தான் என் முதுகில் தட்டி, "கெட்டிக்காரி" என்றார். அவர்கள் இறங்கிய பிறகு நான் வயரில் கை வைத்துப் பார்த்தேன். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி போல இருந்தது. பலகையை மூடி ஆணிகளை முறுக்கினேன். மெத்தையை வைத்தேன். திரைச்சீலைகளைத் தோய்த்து மாட்டியதும் நான்தான்.

கெவலாரில் அன்று நல்ல வெயில். பூசை முடிந்தது. அரிசி போடப்பட்டது. மாதாவின் சுருவம் ஊர்வலமாக வருவதற்கு இன்னும் நேரம் இருந்தது. சிறுமிகள் பூத்தட்டோடு வரிசையில் நின்றார்கள். நான் லிசாவோடு நின்றேன். அத்தான் தண்ணீர்ப் போத்தல்களைத் தூக்கிக்கொண்டு ஹனோவர்க்காரரிடம் போய், "இண்டைக்குப் பாண் இல்லை, வயித்தைக் காலியா வச்சிருங்கோ" என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். முருகேசு அண்ணை வேட்டியைத் தட்டிவிட்டு, "வாசம் வரட்டும், பிறகு நம்பிறன்" என்றார்.

லிசா திடீரென்று தட்டை என்னிடம் நீட்டினாள்.

"சித்தி, இதைப் பிடியுங்கோ. தலையில போடுற என்ர வெள்ளை நெற்றை வொன்மொபிலுக்குள்ள விட்டிட்டன். ஓடிப் போய் எடுத்துக்கொண்டு வாறன்."

"வேண்டாம். என்ர சால்வையைப் போடு."

"அது பிறவுண், சித்தி. எல்லாரும் வெள்ளை. ஒரு நிமிசம்தானே."

நான் அவள் கையைப் பிடித்தேன். அவள் இழுத்தாள். நான் விடவில்லை.

"கையை விடுங்கோ சித்தி. நோகுது."

அவள் அழுதாள். பக்கத்தில் நின்றவர்கள் பார்த்தார்கள். நான் விடவேயில்லை. அவள் மணிக்கட்டில் நீலம் பாரித்திருந்த கண்டலைப் பற்றி அந்தச் சமூக சேவைப் பெண் கேட்டார் என்றீர்களே, அது அப்படி வந்தது. லிசா இன்று உயிரோடு இருப்பது என் கையால்தான். அதை ஒருவரும் எழுதவில்லை.

முதலில் ஒரு மணம் வந்தது. சோற்று மணமில்லை. பிறகு வாகனங்களுக்கு மேலாகப் புகை எழுந்தது. சனம் சத்தம் போட்டது. அத்தான் கையில் இருந்த போத்தல்களை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். தடித்த மனிதர், அவர் ஓடி நான் கண்டதில்லை. அந்தக் கதவு உள்ளே பூட்டியிருந்தது. கைப்பிடி தகரம், அது அந்த நேரம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவர் அதை இரண்டு கைகளாலும் பிடித்து இழுத்தார். கதவு கழன்று வரும்வரை விடவில்லை. உள்ளே போய்த் தூக்கிக்கொண்டு வந்தார். அக்காவின் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டார். அக்கா அதைக் கேட்கவில்லை. அக்கா அப்போதே இறந்துவிட்டாள்.

அக்கா உள்ளே இருந்தது ஒரு விபத்து. நான் அந்த வேலையை அத்தானுக்காகத்தான் செய்தேன். இதோ, சொல்லிவிட்டேன். வயர் தாங்காது என்று தெரியும். எரியும் என்று தெரியும். எரியட்டும் என்றுதான் பலகையை மூடினேன். இதற்கு மேல் உங்களுக்கு என்ன வேண்டும்.

இனி நான் திருத்த வந்த விஷயத்துக்கு வருகிறேன். ஆசுப்பத்திரியில் அத்தானைப் பார்த்தேன். இரண்டு கைகளும் முழங்கை வரை வெள்ளைச் சுற்று. அவரால் மூக்கைக்கூடச் சொறிய முடியாது. என்னைக் கண்டதும் அழுதார்.

"சின்னவள், நீ பயப்பிடாதை. பொலிஸிட்டச் சொல்லிப்போட்டன். பழைய வயரே போதும் எண்டு நான்தான் சொன்னனான் எண்டு. நீ புது வயர் கேட்டனி, நான்தான் மறிச்சனான். விளங்குதோ? நீயும் அப்பிடியே சொல்லு."

அவர் மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டார்.

"அவளுக்கு நீ பிள்ளை மாதிரி. உன்னை வெளியில விட அவளுக்கு மனமே இல்லை. ரெர்மினைத் தள்ளிப் போடுவமோ எண்டு கடைசிக் கிழமையும் கேட்டவள். நான்தான், பாவி, வேண்டாம் எண்டனான். இனி அந்த அறையில நீயே இரு. லிசாவுக்கு ஆர் இருக்கினம்?"

அக்கா அப்படிக் கேட்டிருந்தால் என்னிடம் சொல்லியிருப்பாள். அவர் என்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

ஆனால் வயர் விஷயத்தில் அவர் சொன்னது பொய். அதைத்தான் திருத்த வேண்டும். அன்று இருக்கைக்குப் பக்கத்தில் குந்தியிருந்து அவர் கேட்டது இதுதான்: "பிள்ளை, பழைய வயர் தாங்குமோ? புதுசு வேணுமெண்டால் சொல்லு, இப்பவே போய் வாங்கிக்கொண்டு வாறன்." கார்ச் சாவி அவர் கையில் இருந்தது. பழைய வயர் போதும் என்றவள் நான்.

ஏன் இதைச் சொல்ல வேண்டும், அவர்தான் பழியை ஏற்றுக்கொண்டாரே என்று நீங்கள் கேட்பது விளங்குகிறது. அக்காவின் வாழ்க்கையில் எல்லாவற்றிலும் அந்த மனிதர் பங்கு கேட்டார். அவள் சமைத்த சோற்றில், அவள் நித்திரையில், அவள் சிரிப்பில். ஊரே பார்க்க அவளைத் தூக்கிக்கொண்டும் வந்தார். இந்த ஒன்றிலும் அவர் பங்கு எடுக்க நான் விடமாட்டேன். இதில் ஒவ்வொரு ஆணியும் என் கை முறுக்கியது.

சரி, உங்கள் கேள்வி. ஐயா, அவர்களுக்குச் சரியாக மொழிபெயர்த்துச் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டில் சோறு சமைப்பது அக்கா. எப்போதும் அக்காதான். அத்தான் ஒரு சுண்டு அரிசி கழுவி நான் கண்டதில்லை. கெவலாரிலும் அப்படித்தான். அரிசியைப் போட்டுவிட்டு அக்கா கதவைப் பூட்டி, திரைகளை இழுத்துவிட்டு, சுருவத்துக்குப் பின்னால் நடப்பதற்கு நீலச் சேலை மாற்றுவாள். சோறு வெந்த பிறகுதான் கதவு திறக்கும். அதுவரை அத்தான் அந்தப் பக்கம் வருவதேயில்லை. ஒவ்வொரு வருடமும் அப்படித்தான். எனக்குத் தெரியாதா. ஒவ்வொரு வருடமும் அந்தக் கதவுக்கு வெளியே சேலைக்குக் குத்தும் ஊசிகளோடு காத்து நிற்பவள் நான்.

இந்த வருடம் நான் லிசாவோடு நின்றேன்.

எழுதிவிட்டீர்களா. கீழே இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: அத்தானுக்காகத்தான் செய்தேன். அக்காவோடு எனக்கு ஒரு கோபமும் இருக்கவில்லை.